நிமிஷத்தைச் சட்டைப்பையில் சுமந்தவர்கள்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் அடியில் கிடக்கும் வறண்ட பூமியில் அமைந்திருக்கும் ஆலங்குளத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. தென்காசிப் பக்கத்தில் இதே பெயருடைய வேறோர் ஊர் உண்டு. நான் குறிப்பிடுவது விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்ததும், 1970இல் அரசாங்கத்தார் நிறுவிய சிமெண்டு ஆலையால் பெயர் பெற்றதுமான ஆலங்குளத்தை. ஆலை வந்த பின்னர் ஷிப்டு, சங்கு, வருகைப் பதிவு ஆகியவற்றின் வாயிலாக மணிக்கணக்கு இங்கே நிலைபெற்றுவிட்டது என்றாலும், அதற்கு முந்திய தலைமுறையில் நிமிஷம் என்ற நுண்மையான காலஅளவு இவ்வட்டாரத்து மக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்த வழி, மேற்கே ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தொட்டுக்கொண்டு செல்லும் தண்டவாளமே ஆகும். அந்த நிமிஷத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துச் சுமந்து வந்தவர் ரயில் கார்டு. அவர் வைத்திருந்த கடிகாரத்தின் வரலாற்றையும், அதே தொழிலுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்டு இன்று உலகெங்கும் அரும்பொருள் சேகரிப்போர் தேடி அலையும் கடிகாரங்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடைய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், ஒரே தொழிலுக்கென்று பிறந்த இவ்விரண்டு கடிகாரங்களுக்கும் வாய்த்த கதி வெவ்வேறாக இருந்ததற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு.

ரயிலுக்கு முந்திய காலத்தில் நம்மவர்க்கு நேரம் தெரியாதிருந்தது என்று எண்ணுவது பிழை. நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகை ஒன்றுக்கு இன்றைய கணக்கில் 24 நிமிஷம் என்ற பகுப்பு பண்டுதொட்டு வழங்கியது. நீரில் மிதக்கவிட்ட துளையுள்ள வட்டில் நிறைந்து அமிழும் பொழுதைக் கொண்டு நாழிகை கணித்தார்கள். கிணற்று மேட்டில் ஏற்றம் இறைத்த குடியானவர் தம் நிழலைத் தாமே அடியிட்டு அளந்து பகற்பொழுதைச் சொன்னார். இரவில் அறுமீன் கூட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து மாட்டுக்குக் கூளம் போட எழுந்தார். இவையெல்லாம் அவரவர் நின்ற இடத்துச் சூரியனையும் நட்சத்திரத்தையும் கொண்டு அறிந்த நேரம். ஓர் ஊரின் நேரத்தை மற்றோர் ஊருக்குக் கொண்டு சேர்க்கவேண்டிய அவசியம் சாதாரண மக்களுக்கு நேரவில்லை.

அரசர்க்கு நேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் பூஜை முடிந்து நிவேதனம் ஆன பின்னரே தாம் உணவு கொள்வது என்று நியமம் பூண்டிருந்ததாகவும், அதன் பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டுவித்து, ஒரு மண்டபத்து மணியோசை கேட்டதும் அடுத்ததில் மணியடிக்க ஆட்களை நியமித்திருந்ததாகவும் இப்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தை ஒரு செய்தி சில நிமிஷங்களில் கடக்கும்படி செய்த அந்த ஏற்பாடு, ‘இன்ன கணத்தில் இன்னது நடந்தது’ என்பதை நேர்கோட்டில் நிலையம் நிலையமாகக் கைமாற்றும் முறை என்ற அளவில், பின்னாளில் தந்திக் கம்பி செய்த வேலைக்கு முன்னோடியே ஆகும். அம்மணி மண்டபங்களின் கதையை நான் பக்திக் கதையாக மட்டும் படிப்பதில்லை. தென்பாண்டி நாட்டில் காலத்தைத் தூரத்துக்கு அனுப்ப முயன்ற முதல் செய்தியாகவும் படிக்கிறேன்.

இரண்டாவது முயற்சி சென்னையிலிருந்து வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட வானாய்வுக் கூடத்தில், மைக்கேல் டாப்பிங் என்பவர் நிறுவிய பெருங்கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டுப் பொறித்த அத்தூணின்மீது தொலைநோக்கியை வைத்து, நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் கணத்தைக் கணித்துச் சென்னையின் நேரத்தை நிர்ணயித்தார்கள். அந்நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. இரவு 8 மணிக்குக் கோட்டையில் வெடித்த பீரங்கி அதை நகரத்தாருக்கு அறிவித்தது. மவுண்ட் ரோட்டில் கடிகார வியாபாரம் செய்து புகழ்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் கடிகாரமும் வானாய்வுக் கூடத்தோடு கம்பி வழியே இணைக்கப்பட்டிருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி முந்திய வேறொரு நேரம் என்று வழங்கிய அந்நாளில், இரண்டுக்கும் நடுவில் அமைந்த சென்னை நேரத்தையே தேசத்து ரயில் பாதைகள் 1870 வாக்கில் தமக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்டன. லாகூரில் புறப்பட்ட வண்டியும் தூத்துக்குடியில் புறப்பட்ட வண்டியும் நுங்கம்பாக்கத்து நட்சத்திரக் கணிப்புக்குக் கட்டுப்பட்டு ஓடின என்பதைத் தமிழர் பலர் அறியார்.

இங்கே ஒருவரை நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வானாய்வுக் கூடத்தில் பல்லாண்டுகள் உழைத்து முதல் உதவியாளராக உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867இல் ஒளிமாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். பழைய வாய்பாட்டுக் கணக்கை விட்டு, கண்ணால் கண்ட கிரக நிலைக்கு இசையப் பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடியவர். ரயிலின் நேரம் பிறந்த கூடத்தில் பணிபுரிந்த கைகளே திதியையும் நட்சத்திரத்தையும் திருத்தத் துணிந்தன. காலத்தைப் பற்றிய நேர்மை அவருக்கு உத்தியோக அளவில் நின்றுவிடவில்லை. வீட்டுப் பூஜை அறை வரையில் அது சென்றது.

1876 ஜனவரியில் ரயில் தூத்துக்குடியை எட்டியது. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கிடந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதற்காக இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. விருதுநகரிலிருந்து பிரிந்து, திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்பகோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசியை அடையும் மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1927இல் திறந்தபோது, சென்னை நேரம் ஏற்கெனவே பதவி இழந்திருந்தது. 1906 முதல் தேசம் முழுமைக்குமான நிலைநேரம் அமலில் இருந்தது. அந்த நிலைநேரம் ராஜபாளையத்துச் சூரியனைவிட ஏறத்தாழ 20 நிமிஷம் முந்தியது. அதாவது, சூரியன் நம் தலைக்கு நேரே வரும் கணத்தில் ராஜபாளையம் ஸ்டேஷன் கடிகாரம், ஆண்டில் ஓரளவு முன்பின்னாக, 12 மணி 20 நிமிஷம் என்று காட்டும். நிழல் அளந்து பழகிய பெரியவர்கள் வண்டியைத் தவறவிட்டதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொன்னவர்கள், இந்த 20 நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்பாதையில் உள்ள சிவகாசியிலேயே அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகுகாலமும் எமகண்டமும் அதே ரயில்வே நேரத்தில்தான் போடப்படுகின்றன. ஜனங்கள் அதைக் கவனிப்பதில்லை என்பது அந்த நேரம் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதற்குச் சாட்சி. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1936இல், பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலையைத் தொடங்கினார். ரயில் கொணர்ந்த நிமிஷத்தை ஆலைச் சங்கு ஊர் முழுதும் ஊதிப் பரப்பியது.

இனி அமெரிக்கக் கடிகாரத்துக்கு வருவோம். அத்தேசத்தில் ஐம்பதுக்குக் குறையாத ரயில்வே நேரங்கள் வழங்கிய நிலை 1883 நவம்பர் 18ஆம் தேதிதான் ஒழிந்து, மண்டல நேரங்கள் ஏற்பட்டன. நேரம் ஒழுங்காயிற்று, அதைச் சுமந்த கருவி ஒழுங்காகவில்லை. 1891 ஏப்ரலில், ஒஹையோ மாகாணத்துக் கிப்டன் என்னும் சிறு நிலையத்தில், ஒதுங்கி நின்று வேகத் தபால் வண்டிக்கு வழிவிட வேண்டிய பிரயாணி வண்டி குறித்த பொழுதுக்குள் ஒதுங்கவில்லை, இரண்டும் மோதின. வண்டி ஓட்டியவர் இருவரும், தபால் வண்டிக்குள் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த சிப்பந்திகளும் மாண்டார்கள். ஓட்டுநர் ஒருவருடைய கடிகாரம் நான்கு நிமிஷம் நின்று, பின்னர் தானே ஓடத் தொடங்கியதே காரணம் என்ற செய்தி பரவி நிலைபெற்றது. நின்ற கடிகாரம் தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். நின்று மறுபடி ஓடும் கடிகாரத்துக்கு அந்த நேர்மையும் இல்லை.

அவ்விபத்தை அடுத்து, கிளீவ்லாந்து நகரத்து நகை வியாபாரி வெப் பால் என்பவர் விபத்து நேர்ந்த ரயில்வேயின் நேரப் பரிசோதகராக அமர்த்தப்பட்டார். சில ஆண்டுகளில் அவருடைய பிரமாணம் அமெரிக்க ரயில் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கும் சட்டமாயிற்று. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. மூடி இல்லாத வெள்ளை முகப்பில் கொட்டையான எண்கள் வேண்டும். அச்சைத் தாங்கும் கற்கள் 17க்குக் குறையக் கூடாது. படுத்த நிலை, கவிழ்ந்த நிலை, நின்ற நிலை, இடவலச் சாய்வு என ஐந்து நிலைகளிலும் நடை மாறக் கூடாது. 34 முதல் 100 பாகை பாரன்ஹீட் வரை வெப்பத்தாலும் குளிராலும் நடை பிறழக் கூடாது. வாரம் ஒன்றுக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட விநாடிகள். அவற்றில் முப்பதுதான் மன்னிக்கப்பட்டது. நம் கத்திரி வெயிலில் ராஜபாளையம் ஸ்டேஷன் பிளாட்பாரத்து வெப்பம் அந்த 100 பாகை எல்லையை அனாயாசமாகத் தாண்டும் என்பதை எண்ணும்போது, இங்கே வேலை பார்த்த கடிகாரங்கள் பட்ட பாட்டை அமெரிக்கப் பரிசோதகர் அறிந்திருக்க நியாயமில்லை.

இப்பிரமாணத்துக்கு இசைந்த கடிகாரம் ஒன்றை, உதாரணமாகப் பென்சில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் நகரில் ஹாமில்டன் கம்பெனியார் செய்த ‘992’ என்ற வகையை, கையில் எடுத்துப் பார்ப்போம். குறுக்களவு இரண்டங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். உள்ளங்கையை நிறைக்கும் கனம். சாவி கொடுக்கும் திருகு 12ஆம் எண்ணுக்கு நேர்மேலே இருக்கிறது. மற்றக் கடிகாரங்களில் அத்திருகையே வெளியே இழுத்து முள்ளைத் திருப்பலாம், இதில் முடியாது. முகப்புக் கண்ணாடியின் வளையத்தைக் கழற்றி, எண்பலகையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் மெல்லிய நெம்புகோலை நகத்தால் வெளியே இழுத்தால்தான் முள் அசையும். சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போதோ வைக்கும்போதோ அகஸ்மாத்தாகத் திருகு இழுபட்டு, முள் நகர்ந்து, அறியாமலே நேரம் பிறழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அற்பமான இந்த நெம்புகோலில் எனக்கு ஒரு முழு நீதிசாஸ்திரம் தெரிகிறது: நேரத்தை மாற்ற விரும்புகிறவர் அதைத் தெரிந்தே, சிரமப்பட்டே, இரண்டு கையாலும் செய்யவேண்டும்.

பின்மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளிருக்கும் யந்திரம் கண்ணைப் பறிக்கும். நிக்கல் தகடுகளின்மேல், பட்டுப்புடவை உடலில் ஓடும் நுண்ணிய ஜரிகைக் கோடுபோல, வளைந்தும் சுழித்தும் ஒளி விளையாடும் சித்திரக் கோடுகள். தங்க வளையங்களுக்குள் பதித்த செந்நிறக் கற்கள். மணிக்கு 18,000 முறை ஆடும் பாலன்ஸ் சக்கரம். அதன் விளிம்பு பித்தளையும் எஃகும் ஒட்டிய இரட்டைப் பட்டை. வெப்பம் ஏறினால் அப்பட்டை உள்நோக்கி வளைந்து, தளர்ந்துபோன மயிர்ச்சுருளின் குறையை ஈடுசெய்யும். ரயில்காரரின் சட்டைக்குள் யாரும் காணாமல் இருக்கவேண்டிய ஒரு யந்திரத்துக்கு இத்தனை அலங்காரம் ஏன் என்று கேட்கலாம். செய்தவன் தன் வேலையை மதித்தான் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. தகட்டில் பொறித்த வரிசை எண்ணைக் கம்பெனியின் பழைய அட்டவணையோடு ஒப்பிட்டு அது பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். சேகரிப்போருக்கு அந்த எண்ணே ஜாதகம்.

வால்தாம் கம்பெனியின் ‘கிரெசண்ட் ஸ்ட்ரீட்’, ‘வான்கார்டு’, எல்ஜினின் ‘பி. டபிள்யூ. ரேமண்ட்’, ஸ்பிரிங்பீல்டு நகரத்து இல்லினாய் கம்பெனியின் ‘பன் ஸ்பெஷல்’ ஆகியவை இக்குலத்தில் பேர்போனவை. ‘992’ லட்சக்கணக்கில் செய்யப்பட்டதாகையால் அது கிடைத்தற்கரியது அன்று. 23 கல் பதித்த ‘பன் ஸ்பெஷ’லில் ஒருமுறை சாவி கொடுத்தால் 60 மணி நேரம் ஓடும் வகை, ஹாமில்டனின் ‘950’ முதலியனவே விலையை ஏற்றுகின்றன. 1943இல் அமெரிக்காவில் ஏற்பட்ட கடிகாரச் சேகரிப்போர் தேசிய சங்கம் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டது.

ஆனால் அதே ரயில் தொழிலைச் செய்த நம் நாட்டில் இத்தகைய கடிகாரம் ஏன் பிறக்கவில்லை? வறுமை, தொழில் வளர்ச்சியின்மை என்ற வழக்கமான காரணங்களைச் சொல்லித் திருப்தியடைவோர் பலர். என் அபிப்பிராயம் வேறு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் மோதாமல் இருப்பதற்கு அமெரிக்கர் நம்பியது கால அட்டவணையையும் தந்தி உத்தரவையும். தாழ்ந்த வகுப்பு வண்டி, உயர்ந்த வகுப்பு வண்டி வரவேண்டிய நேரத்துக்குச் சில நிமிஷம் முன்னதாகப் பக்கப் பாதையில் ஒதுங்கவேண்டும் என்பது விதி. அவ்விதியில் உயிருக்குக் காவல் கடிகாரமே. அது பொய் சொன்னால் வேறு சாட்சி இல்லை. விருதுநகர்–தென்காசிப் பாதை போன்ற நம் ஒற்றைப் பாதைகளிலோ, இங்கிலாந்தின் வழக்கத்தைத் தழுவி, ‘லைன் கிளியர்’ என்ற முறை ஆண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் மாஸ்டர் ராஜபாளையத்தாரைக் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே ஸ்ரீவில்லிபுத்தூர் யந்திரம் ஒரு டோக்கனை வெளியே விடும். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றொன்று வராது. பிரம்பு வளையத்தில் வைத்து நீட்டிய அந்த டோக்கனை ஓடும் எஞ்சினிலிருந்து கை நீட்டிப் பிடித்த பின்னரே டிரைவர் அடுத்த பாதைப் பகுதிக்குள் நுழைவார். கார்டின் கடிகாரம் நான்கு நிமிஷம் பிந்தினால் வண்டி தாமதமாகும், உயிர் போகாது. அமெரிக்கக் கடிகாரம் அவ்வளவு நேர்த்தியாக வளர்ந்ததற்கு அதன்மேல் ஏற்றிய பாரமே காரணம். நம் கடிகாரத்தின் பாரத்தில் பாதியை டோக்கன் வாங்கிக்கொண்டது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சேகரிப்போருக்கு இதுவே முக்கியம். அமெரிக்க ரயில்காரர் தம் கடிகாரத்தைத் தம் சொந்தப் பணத்தில், பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் தவணை கட்டி, வாங்கவேண்டும். பரிசோதகரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டி, அவர் தரும் சீட்டைக் கையோடு வைத்திருக்கவேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கடிகாரம் அவரோடு வீட்டுக்குப் போயிற்று. மகனுக்கும் பேரனுக்கும் சென்றது. கடைசியில் சேகரிப்போர் கைக்கு வந்தபோது கூடவே ஒரு குடும்பத்தின் கதையும் வந்தது. நம் நாட்டிலோ ரயில்வே கம்பெனிகள் தம் முதலெழுத்துகளைப் பொறித்துக் கொடுத்த கடிகாரம் கம்பெனியின் சொத்து. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விளக்கு, விசில் ஆகியவற்றோடு அதுவும் ஒரு சாமான். உத்தியோகம் முடிந்த நாளில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். முப்பது ஆண்டு காலம் நெஞ்சுக்கு அருகே துடித்த ஒரு பொருளை மேஜைமேல் வைத்துக் கையெழுத்திட்டு வந்தவர்களின் மனநிலையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பிய கடிகாரங்கள் ஸ்டோரில் கிடந்து, பழுதாகி, எடைக்கு எடை பழைய சாமானாகப் போயின. ஆகவேதான் இந்திய ரயில்வேயின் முத்திரை தாங்கிய நல்ல கடிகாரம் இன்று அமெரிக்கக் கடிகாரத்தைக் காட்டிலும் அரிதாயிருக்கிறது. எண்ணிக்கையில் குறைவாகச் செய்யப்பட்டதால் அன்று, வீட்டுக்குப் போக அனுமதி இல்லாததால்.

அமெரிக்க ரயில்காரர் நம் தேசத்துத் தண்டவாளத்தில் வேலை பார்த்த ஒரு காலமும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, சீனாவுக்குத் தளவாடங்கள் செல்லும் வழியாகிய வங்காள–அஸ்ஸாம் ரயில்வேயின் முக்கியமான பகுதியை 1944 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க ராணுவத்தின் ரயில்வே படையினர் ஏற்று நடத்தத் தொடங்கினர். அதுவும் நம் ராஜபாளையத்துப் பாதைபோல மீட்டர்கேஜே. அதற்காக அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ‘மக்கார்தர்’ எஞ்சின்கள் யுத்தத்துக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டன. அப்படையினருள் பலர் சிவில் வாழ்க்கையிலும் ரயில் தொழிலாளராயிருந்தவர். தம் கடிகாரத்தோடு வந்திருப்பார்கள் என்று கொள்வது தவறாகாது. அதற்கடுத்த மாதம், 1944 ஏப்ரலில், தென்னிந்திய ரயில்வே கம்பெனி அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு மாறியது. 1951இல் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது.

இப்பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் ‘ரயில்வே கடிகாரம்’ என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையான ரயில்வே கடிகாரங்கள் அல்ல. பின்மூடியிலோ எண்பலகையிலோ எஞ்சின் படம் பொறித்திருப்பதைக் கண்டு மயங்குவோர் அநேகர். சுவிட்சர்லாந்தில் ராஸ்கோப் என்பவர் 1867இல் ஏழைகளுக்காக வகுத்த மலிவான யந்திர அமைப்பைக் கொண்டு செய்த கடிகாரங்களின்மேல், விற்பனைக்காக எஞ்சின் படத்தை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினார்கள். அவற்றை நான் இகழவில்லை. சந்தைக்கு மிளகாய் கொண்டுபோன ஒரு சம்சாரி முதன்முதலாக நேரம் பார்த்தது அப்படிப்பட்ட கடிகாரத்திலாக இருக்கலாம். ஆனால் அவற்றில் எஞ்சின் இருப்பது படத்தில் மாத்திரமே. நேரத்தின் பொறுப்பை உண்மையில் சுமந்த கடிகாரத்தில் படம் இராது. எண்கள் பெரிதாகவும் தெளிவாகவும், முகப்பு விரதியின் நெற்றிபோல் வெறுமையாகவும் இருக்கும்.

அமெரிக்கக் கடிகாரமாயின், நெம்புகோல் இருக்கிறதா, வரிசை எண் யந்திர வகையோடு பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். அந்நாட்டில் யந்திரத்தையும் கூட்டையும் தனித்தனியே விற்றார்கள். வாங்குபவர் தம் வசதிக்கேற்ற கூட்டில் பொருத்திக்கொண்டார். ஆகவே தங்கக் கூட்டில் சாமானிய யந்திரமும், நிக்கல் கூட்டில் மிக உயர்ந்த யந்திரமும் இருக்கக்கூடும். கூட்டின் பளபளப்புக்குப் பணம் கொடுப்பவர் கடைசியில் ஒரு டப்பாவை வாங்கினவராவார். எண்பலகை புதுவெள்ளையாய் மின்னினால் சந்தேகிக்கவேண்டும். தீயில் உருகிய பழைய எனாமல் முகப்பில் மயிரிழைபோன்ற விரிசல் இருப்பது குறையன்று. மேலே பெயிண்டு பூசி அதை மறைத்ததே குறை.

நான் மிகுந்த மதிப்பு வைப்பது வேறொன்றில். பின்மூடியின் உட்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால், ஊசியால் கீறிய நுண்ணிய எழுத்துகளும் எண்களும் புலப்படும். கடிகாரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்த ஒவ்வொரு ரிப்பேர்க்காரரும் தம் அடையாளத்தையும் தேதியையும் அங்கே கீறிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அரும்பொருள் வியாபாரிகள் சிலர் இக்கீறல்களை மெருகேற்றி அழித்துவிட்டு விலை கூட்டுகிறார்கள். இதைக் காட்டிலும் பெரிய அபராதம் ஒரு கடிகாரத்துக்குச் செய்ய முடியாது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் இடப்பட்டது, எத்தனை கை மாறியது, எப்போது வேலை நின்றது என்பனவெல்லாம் அக்கீறல்களில் உள்ளன. அவற்றை அழித்தபின் எஞ்சுவது வெறும் உலோகம்.

விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதை அகற்றப்பட்டு, 2004இல் அகலப்பாதையாக மாறியபோது, சாமான்கள் ஸ்டேஷன்தோறும் மாறின. டோக்கன் யந்திரம், பிரம்பு வளையம், கைகாட்டி நெம்புகோல், பெண்டுலம் ஆடிய சுவர்க்கடிகாரம் ஆகியவை எந்தெந்தக் கிடங்குக்குச் சென்றன என்று தேடுவது, நான் அறிந்த வரையில், யாருக்கும் கவலையாக இருக்கவில்லை. பாதை அகலமாவது ஊருக்கு நன்மை. அதை ஒருவரும் மறுக்கமாட்டார். ஆனால் 77 ஆண்டு காலம் ஒரு ஜில்லாவின் நேரத்தைக் காத்த கருவிகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றையாவது ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கலாம். திருச்சிராப்பள்ளியில் 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகத்தில் பழைய கடிகாரங்களும் மணிகளும் சிப்பந்திகளின் வில்லைகளும் வைக்கப்பட்டிருப்பது ஆறுதல் தருகிறது. அங்கே நம் பாதைக்கென்று ஓர் அலமாரி வேண்டும் என்பது என் விருப்பம்.

கருவி போயினும் கடமை போகவில்லை. தேசத்து நிலைநேரத்தை நாள்தோறும் மாலை 4 மணிக்கு முக்கியமான நிலையங்களுக்கெல்லாம் அறிவிக்கவேண்டும் என்று ரயில்வேயின் பொது விதிகள் இன்றும் கூறுகின்றன. வண்டி புறப்படும் நிலையத்தில் கார்டு தம் கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, அந்நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்ல, அவர் தம் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளவேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. 2022இல் கார்டு என்ற பதவியின் பெயர் ‘டிரெயின் மானேஜர்’ என்று மாறியது; விதி மாறவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆலங்குளம் வட்டாரத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த பெரியவர்களின் வீடுகளில், எப்படியோ தப்பி வந்த ஒரு சட்டைப்பைக் கடிகாரம் பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்குமாயின், அவ்வீட்டார்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அதை மெருகுக்குக் கொடுக்கவேண்டாம். ஓடவில்லையென்று சாவியைத் திருகித் திருகிப் பார்க்கவும் வேண்டாம், உலர்ந்த எண்ணெயோடு ஓட்டினால் அச்சு தேயும். விஷயம் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் எண்ணையும் கீறல்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே, அதை வைத்திருந்தவர் எந்தப் பாதையில், எந்த வண்டியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்பதை, வீட்டில் விவரம் அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுச் சேர்த்து எழுதி, கடிகாரத்தோடு கட்டி வையுங்கள்.